நெஞ்சு ஆப்பரேஷனுக்கு எந்த மயக்க மருந்து? எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை டாக்டரிடம் விட்டுவிடலாம்

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ மயக்க மருந்து கிளினிக்கில் அப்பாவையோ அம்மாவையோ உட்காரவைத்து, மலாயில் அச்சடித்த ஒப்புதல் தாளை நீட்டுகிறார்கள். ‘பியுஸ் பெனு’, ‘பியுஸ் செபாரு’ என்ற இரண்டு சொற்கள் காதில் விழுகின்றன. முதலாவது முழு மயக்கம். இரண்டாவது பாதி உடம்பை மட்டும் மரத்துப்போகச் செய்வது. நம் குடும்பங்களில் குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். முதுகில் ஊசி என்று டாக்டர் சொன்னதும், “முழிச்சிருக்கும்போதே நெஞ்சைத் திறப்பாங்களா?” என்று பெரியவர் பயந்துபோகிறார். நுரையீரல் ஆப்பரேஷனில் முதுகு ஊசி முழு மயக்கத்துக்குப் பதிலாகப் போடப்படுவதில்லை. இரண்டும் சேர்ந்தே வரும். ஊசி, கண் விழித்த பிறகு வரும் வலிக்காக.

இருதயம், நுரையீரல், பெரிய இரத்தக் குழாய் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாலும், மயக்க மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் நோயாளியின் குரலுக்கு இருக்கும் எடை மூன்றிலும் ஒன்றல்ல. ஒன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்றில் நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி அடுத்த ஆறு மாத வலியைத் தொட்டுப் பேசுகிறது. மூன்றாவதில் நோயாளியின் சுபாவமே தீர்ப்பைச் சொல்கிறது. கிளினிக்கில் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதை எங்கே செலவழிப்பது என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

இருதயம்: வாயுவா, நரம்பு வழியா?

பைபாஸ் ஆப்பரேஷனில் நோயாளியைத் தூங்க வைத்திருக்க இரண்டு வழி உண்டு. செவோஃபுளுரேன், ஐசோஃபுளுரேன், டெஸ்ஃபுளுரேன் போன்ற வாயுக்களை மூச்சில் கொடுப்பது ஒன்று. புரோபோஃபால் மருந்தை நரம்பில் விடாமல் ஏற்றிக்கொண்டே இருப்பது மற்றொன்று. வாயு இருதயத் தசையை இரத்த ஓட்டக் குறைவுக்கு முன்கூட்டியே பழக்கிக் காப்பாற்றுகிறது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். விலங்குகளில் அப்படித்தான் தெரிந்தது. சிறுசிறு ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோதும் வாயுப் பக்கமே தராசு சாய்ந்தது.

2019-இல் வெளிவந்த மிரியட் ஆய்வு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. 13 நாடுகள், 36 மருத்துவமனைகள், முன்கூட்டியே நாள் குறித்துப் பைபாஸ் செய்துகொண்ட 5,400 பேர். ஓராண்டு முடிவில் வாயு பெற்றவர்களில் 2.8 விழுக்காட்டினரும், நரம்பு வழி மருந்து பெற்றவர்களில் 3.0 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். இதை வேறுபாடு என்று சொல்ல முடியாது. ஆகவே ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகமானாலும் சரி, பினாங்கு பொது மருத்துவமனையானாலும் சரி, “வாயு நல்லதா, ஊசி நல்லதா?” என்று கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். அந்த மருத்துவக் குழுவின் கை எதில் பழகியிருக்கிறதோ அதுவே நல்லது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது உடம்பு நெருப்பாகச் சுட்டு, தசை விறைத்து, உயிருக்கே ஆபத்து வந்ததா? சித்தப்பாவோ அத்தையோ சாதாரண ஆப்பரேஷனுக்குப் போய் மேசையிலேயே காரணம் தெரியாமல் இறந்தார் என்ற பழைய கதை இருக்கிறதா? அது பரம்பரையாக வரும் மிகை வெப்பக் கோளாறாக இருக்கலாம். மயக்க வாயுக்களும், தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியமும் அதைத் தூண்டிவிடும். அப்படிப்பட்டவருக்கு நரம்பு வழி மருந்துதான். கதை பாதிதான் நினைவில் இருந்தாலும் பரவாயில்லை, கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

நடுவில் விழித்துக்கொள்ளும் பயமும் பலருக்கு உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த நேப் 5 என்ற பெரிய கணக்கெடுப்பு 2014-இல் வந்தது. பொதுவாக 19,000 மயக்கங்களுக்கு ஒருவர் தனக்கு நினைவு வந்ததாகச் சொன்னார்; நெஞ்சு, இருதய ஆப்பரேஷன்களில் 8,600-க்கு ஒருவர். அதிகம் இருப்பதற்கு ஒரு காரணம் இயந்திரம் மாறும் நேரம். இருதயத்தின் வேலையையும் மூச்சின் வேலையையும் ஏற்றுக்கொள்ளும் இருதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்ததும் நுரையீரலுக்கு வேலை இல்லை. எனவே மயக்க வாயுவை இயந்திரத்தின் ஆக்ஸிஜன் கலப்பானில் தனியாகத் திறந்துவிட வேண்டும். அதில் தாமதம் வந்தால், அல்லது நரம்பு வழி மருந்தாக இருந்து துணிக்கு அடியில் குழாய் கழன்றிருந்தால், மயக்கம் இலேசாகிவிடும். நெற்றியில் ஒட்டி மூளை அலையைப் பார்க்கும் பட்டை இதற்கு உதவும், முக்கியமாக நரம்பு வழி மருந்து கொடுக்கும்போது. “மயக்க ஆழத்தை எப்படிக் கண்காணிப்பீர்கள்?” என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

“இரத்தம் கொடுக்க ஆள் தேடணுமா?” என்று அலைகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2017-இல் வந்த டிரிக்ஸ் 3 ஆய்வில், ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டும் இரத்தம் ஏற்றியவர்களையும், 9.5-க்குக் கீழே வந்தாலே ஏற்றியவர்களையும் ஒப்பிட்டார்கள். சாவு, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் முதல் பிரிவில் 11.4 விழுக்காடு, இரண்டாவதில் 12.5. குறைவாக ஏற்றியதால் கெடுதல் வரவில்லை. ஆளைத் தேடும் நேரத்தில், அம்மாவுக்கு இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று ஆப்பரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே சோதித்து மருந்து கொடுப்பது கூடுதல் பயன் தரும்.

நுரையீரல்: உங்கள் கேள்விகளை இங்கே செலவழியுங்கள்

நுரையீரலின் ஒரு பகுதியை எடுக்கும் ஆப்பரேஷனுக்குப் பிறகு வலியால் இரும முடியாவிட்டால் சளி தேங்குகிறது. சளி தேங்கினால் நுரையீரல் மடங்கி நிமோனியா வருகிறது. ஆகவே இங்கே வலி நிவாரணம் சொகுசு இல்லை, சிகிச்சையில் ஒரு பாதி. அதோடு விலா எலும்புகளை விரித்துத் திறந்தவர்களில் கணிசமானோருக்குத் தழும்பைச் சுற்றி எரிச்சலும் குத்தலும் மாதக்கணக்கில் நிற்கும். விலாவுக்குக் கீழே ஓடும் நரம்பு நசுங்குவதே காரணம்.

முதலில் கேட்க வேண்டியது வெட்டு எவ்வளவு பெரியது என்பது. சில சென்டிமீட்டர் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்வதா, முதுகுப் பக்கமிருந்து நீளமாக வெட்டி விலாவை விரிப்பதா? வலிக்கான தேர்வு இந்தப் பதிலிலிருந்துதான் கிளம்புகிறது.

விரித்துத் திறப்பதற்கு நெடுங்காலமாகத் தங்க அளவுகோலாக இருந்தது எபிடூரல். நோயாளியை உட்காரவைத்தோ பக்கவாட்டில் படுக்கவைத்தோ, மேல்முதுகில் 5-ஆவது அல்லது 6-ஆவது மார்பு முள்ளெலும்புக்கு அருகே ஊசியைச் செலுத்தி, தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயை வைப்பார்கள். மேல்முதுகில் எலும்பு முட்கள் ஓட்டின் மேல் ஓடு அடுக்கியது போலச் சாய்ந்திருப்பதால், இடுப்பில் போடுவதை விட இது கடினம். முதலில் அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை 3 மி.லி. சோதனைக்குப் போடுவார்கள். இருதயத் துடிப்பு சட்டென்று ஏறினால் குழாய் இரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு 0.1 விழுக்காடு புபிவகெயின் என்ற மரப்பு மருந்தோடு, மார்ஃபின் வகை வலி மருந்தான ஃபெண்டனிலை ஒரு மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் சேர்த்து, மணிக்கு 4 முதல் 8 மி.லி. வரை பம்பில் ஓடவிடுவது பரவலான வழக்கம். இரண்டு மூன்று நாள் அது இருக்கும்.

நன்றாக வேலை செய்யும் எபிடூரல் வலியை மிக நன்றாகத் தணிக்கும். ஆனால் அது நெஞ்சின் இரு பக்கத்தையும் மரத்துப்போகச் செய்கிறது. கூடவே இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் நரம்புகளும் தூங்கிவிடுகின்றன. அதனால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. அழுத்தத்தைத் தூக்க உப்புநீரைக் கொட்டினால் அறுத்த நுரையீரல் அதைத் தாங்காது. எனவே மருந்து கொண்டு தூக்க வேண்டியிருக்கும், அதற்குக் கண்காணிப்பு வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் போவதும், ஃபெண்டனிலால் அரிப்பும் குமட்டலும் வருவதும் சாதாரணம். குழாய் நழுவி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதும் வார்டில் அடிக்கடி பார்க்கக்கூடியதே.

பெரிய ஆபத்து அரிது. ஆப்பரேஷனை ஒட்டிப் போடும் எபிடூரலில் 5,800 முதல் 12,200 பேருக்கு ஒருவருக்கு நிரந்தரக் கேடு என்று 2009-இல் வந்த பிரிட்டனின் நேப் 3 கணக்கெடுப்பு சொல்கிறது. தண்டுவடத்துக்கு அருகே இரத்தம் கட்டுவதும் சீழ் பிடிப்பதும் முக்கியக் காரணங்கள். மேல்முதுகு எபிடூரலில் நெஞ்சுதான் மரக்க வேண்டும், கால் மரக்கக் கூடாது. அப்பா இரவில் “கால் கனமா இருக்கு, தூக்க முடியல” என்றால் காலைச் சுற்றுக்கு வரும் டாக்டருக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே மிஸ்ஸியைக் கூப்பிட்டு, மயக்க மருந்து டாக்டரை வரவழைக்கச் சொல்லுங்கள். கட்டிய இரத்தத்தை 8 மணி நேரத்துக்குள் எடுத்தால் கால் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம். நேரம் ஆக ஆக அது கைநழுவுகிறது.

இரண்டாவது தேர்வு பாராவெர்டிப்ரல் எனப்படும் முதுகெலும்போர ஊசி. நடுக்கோட்டிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, விலா நரம்புகள் முதுகெலும்பை விட்டு வெளியேறும் இடத்தில், வெட்டப்படும் பக்கத்தில் மட்டும் மருந்தைச் செலுத்துவது இது. அல்ட்ராசவுண்ட் பார்த்தும் போடலாம். நெஞ்சு திறந்திருக்கும்போது அறுவை மருத்துவரே கண்ணால் பார்த்து அங்கே குழாயை வைத்துவிடவும் முடியும். ஒரு பக்கம் மட்டும் மரப்பதால் இரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்குவதில்லை. 2016-இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, மொத்தம் 698 பேரைக் கொண்ட 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலித் தணிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சாவிலோ பெரிய சிக்கல்களிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இரத்த அழுத்தம் இறங்குதல், குமட்டல், அரிப்பு, சிறுநீர் அடைப்பு நான்கும் பாராவெர்டிப்ரலில் குறைவு.

இதில் கெடுவது எங்கே? ஊசி நுரையீரல் உறையைக் குத்திக் காற்று கசியலாம். ஆனால் நுரையீரல் ஆப்பரேஷனில் எப்படியும் நெஞ்சுக் குழாய் வைக்கப்போவதால் அது பெரிய விஷயமாவதில்லை. கவனிக்க வேண்டியது மருந்தின் அளவு. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் அதிகம், மருந்து வேகமாக உறிஞ்சப்படும். ரோபிவகெயின் என்ற மரப்பு மருந்துக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் என்பது பொதுவான வரம்பு. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 150 மில்லிகிராம், 0.5 விழுக்காட்டுக் கரைசலில் 20 மி.லி. போட்டாலே 100 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. ஒல்லியான பெரியவர்களுக்கு மருந்தை நீர்த்துப் போடுவது இதனால்தான். அளவு மீறினால் விழித்திருப்பவருக்கு வாயைச் சுற்றி மரத்து, காதில் இரைச்சல் கேட்கும். மயக்கத்தில் இருப்பவர் சொல்ல முடியாது. முதலில் தெரிவது இருதயத் துடிப்பின் தடுமாற்றம்தான். மாற்று மருந்தான 20 விழுக்காட்டுக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மி.லி., அதாவது அம்மாவுக்கு 75 மி.லி., கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது 2016-இல் கனடாவில் முதலில் விவரிக்கப்பட்ட எரெக்டர் ஸ்பைனே ஊசி. 5-ஆவது மார்பு முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சியை அல்ட்ராசவுண்டில் பார்த்து, அதன் மேல் படுத்திருக்கும் தசைக்கு அடியில் சுமார் 20 மி.லி. செலுத்துகிறார்கள். தண்டுவடமும் நுரையீரல் உறையும் தூரத்தில் இருப்பதால் பாதுகாப்பு கூடுதல், போடுவதும் எளிது. ஆனால் மருந்து எங்கே எவ்வளவு பரவும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்கு முழுப் பக்கமும் மரத்துப்போகும், அடுத்தவருக்கு முதுகோடு நின்றுவிடும்.

எங்கள் தீர்ப்பு இது. கேமரா வழிச் செய்தால் எபிடூரல் வேண்டாம். பாராவெர்டிப்ரலோ எரெக்டர் ஸ்பைனேயோ போதும். ஆப்பரேஷன் வலி நிவாரணத்துக்காக 2022-இல் வந்த ப்ராஸ்பெக்ட் வழிகாட்டியும் அந்த இரண்டையே முதலில் வைக்கிறது, எபிடூரலைப் பரிந்துரைக்கவில்லை. விரித்துத் திறந்தால் பாராவெர்டிப்ரல் குழாயை முதலில் கேளுங்கள். அந்த மருத்துவமனை எபிடூரலில் தேர்ந்தது, வார்டில் இரவு பகலாக வலி நிவாரணக் குழு சுற்றி வருகிறது என்றால் எபிடூரலும் நல்ல தேர்வே. “எது சிறந்தது?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “இந்த ஆப்பரேஷனுக்கு இங்கே வழக்கமாக எதைப் போடுகிறீர்கள்? அது வேலை செய்யாவிட்டால் ராத்திரி யார் வந்து பார்ப்பார்கள்?” என்று கேளுங்கள்.

எந்த ஊசி போட்டாலும் அதே பக்கத் தோள்பட்டை வலிக்கலாம். அந்த வலி உதரவிதான நரம்பு வழியாகக் கழுத்துக்குப் போகிறது. நெஞ்சில் போட்ட மருந்து அதைத் தொடாது. ஊசி தோற்றுவிட்டது என்று பதற வேண்டாம். பாராசிட்டமால் போன்ற மாத்திரையே பலருக்குக் கேட்கும். மார்ஃபின் பம்பு கொடுத்திருந்தால் பொத்தானை நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். பொதுவாக ஓர் அழுத்தத்துக்கு 1 மில்லிகிராம், அடுத்த 5 நிமிடத்துக்குப் பூட்டு. தூங்கிவிட்டவர் அழுத்த மாட்டார் என்பதுதான் அதன் பாதுகாப்பே. “பாவம், வலியில தூங்குறாரு” என்று மகள் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. மூச்சு மெல்ல மெல்ல நின்றுபோகும்.

வெற்றிலையும் தொண்டைக் குழாயும்

நுரையீரல் ஆப்பரேஷனில் ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கிவைத்து, மறுபக்கத்தில் மட்டும் மூச்சு விடவைப்பார்கள். அதற்கு இரண்டு கருவிகள். இரட்டைக் குழல் என்பது உள்ளே இரண்டு வழிகள் கொண்ட தடித்த குழாய். பெண்களுக்குப் பெரும்பாலும் 35 அல்லது 37, ஆண்களுக்கு 39 அல்லது 41 என்ற அளவு. இந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். 39 என்றால் 13 மி.மீ. தடிமன். சாதாரணக் குழாய் சுமார் 10 மி.மீ.தான். இரண்டாவது கருவி, சாதாரணக் குழாய் வழியே விடும் அடைப்பு பலூன். இரட்டைக் குழல் சீக்கிரம் நுரையீரலைச் சுருக்கும், சளியை உறிஞ்சவும் வசதி. பலூன் மெதுவானது, நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பும்போது நழுவும் பழக்கமும் அதற்கு உண்டு. இரண்டில் எது என்பது டாக்டரின் முடிவு.

ஆனால் தோட்டப்புறத்தில் வளர்ந்து, நாற்பது ஐம்பது ஆண்டுகள் வெற்றிலை பாக்கு போட்ட பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நார்நாராக இறுக்கிவிடும். வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கிளினிக்குக்குப் போகும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டியின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, முன்பற்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக நுழைக்கச் சொல்லுங்கள். நுழைந்தால் நல்லது. இரண்டு விரலோடு நின்றால் 13 மி.மீ. குழாயை வளைத்து நுழைப்பது பெரும்பாடு. மூக்கு வழியாகவோ, விழித்திருக்கும்போதே கேமராக் குழாய் வைத்தோ சாதாரணக் குழாயைச் செருகி, பலூனைப் பயன்படுத்தத் திட்டமிட வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் அது ஏற்பாட்டோடு நடக்கும், தெரியாமல் மேசையில் கண்டுபிடித்தால் ஆபத்து. ஆடும் பல், கழற்றும் பல்செட்டு பற்றியும் சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கு முன் நிறுத்த வேண்டியவை

முதுகு ஊசிக்கும் இரத்தத்தை இளக்கும் மருந்துக்கும் ஒத்துப்போகாது. மாத்திரை உறையில் ‘சாயிர் டாரா’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தனி ஆஸ்பிரினுக்காக எபிடூரலைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. குளோபிடோகிரல் 5 முதல் 7 நாள் நிறுத்த வேண்டும். வார்ஃபரின் 5 நாள் நிறுத்தி, இரத்தப் பரிசோதனையில் உறைதல் சரியாகியிருக்க வேண்டும். ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் 72 மணி நேரம். தோலடியில் தடுப்பு அளவில் போடும் எனோக்ஸபாரின் போன்ற ஹெப்பரின் ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம் கழிய வேண்டும். குழாயை எடுக்கும்போதும் இதே கணக்குத்தான். இரத்தம் கட்டுவது பல நேரம் எடுக்கும்போதுதான். ஆனால் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோகிரலைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். ஊசிக்காக ஸ்டென்டைப் பணயம் வைக்கக் கூடாது. இருதய டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள். பைபாஸ் ஆப்பரேஷனில் எபிடூரல் பெரும்பாலும் தவிர்க்கப்படுவதும் இதனால்தான். கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பரின் ஏற்றும் உடம்பில் தண்டுவடத்துக்கு அருகே ஊசித்துளை இருப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இனிப்பு நீருக்கு எம்பாக்ளிஃபுளோசின், டாபாக்ளிஃபுளோசின் சாப்பிடுகிறவர்கள் அதை 3 நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் இரத்தச் சர்க்கரை சரியாகக் காட்டிக்கொண்டே உடம்பில் அமிலம் ஏறும். இருதயத்துக்காகவும் இப்போது இந்த மாத்திரைகளைக் கொடுப்பதால், தமக்கு இனிப்பு நீர் இல்லை என்று சொல்பவரின் பையிலும் அது இருக்கலாம். மாத்திரைப் பையை அப்படியே கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். ஜாமு, ஜின்கோ, பூண்டு மாத்திரை, ஜின்செங் எல்லாம் அதில் இருக்கட்டும்.

வயிற்றைக் காலியாக வைப்பதில் பால்தான் பொறியில் மாட்டிவிடும். தே ஓ, கொப்பி ஓ தெளிந்த பானக் கணக்கு; 2 மணி நேரம் முன்வரை சரி. தே தாரிக்கில் பால் இருப்பதால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். ரொட்டி சானாய், நெய்த் தோசைக்கு 8 மணி நேரம். நெடுநாள் இனிப்பு நீரால் வயிறு மெதுவாக இயங்குகிறவர்களுக்குக் கிளினிக்கில் வேறு நேரம் சொல்வார்கள்; அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

வயிற்றுப் பெருந்தமனி

வயிற்றில் ஓடும் பெரிய இரத்தக் குழாயில் வரும் வீக்கம் ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. அளவைத் தொடும்போது சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். வயிற்றைத் திறந்து செய்தால் முழு மயக்கம் கட்டாயம். எபிடூரல் சேர்ந்தால் பிறகு மூச்சும் இருமலும் எளிதாகும். தொடை இடுக்கு வழியே வலைக்குழாயை ஏற்றும் முறையில் மூன்றும் சாத்தியம்: முழு மயக்கம், முதுகு ஊசி, இடுக்கில் மட்டும் மரப்பு ஊசி. வீக்கம் வெடித்து வந்தவர்களுக்கு இந்தத் தேர்வின் எடை கூடுகிறது. பிரிட்டனின் இம்ப்ரூவ் ஆய்வில், இடுக்கில் மரப்பு ஊசி மட்டும் போட்டு வலைக்குழாய் வைத்தவர்களில் 30 நாள் சாவு குறைவாக இருந்தது. குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீடு இல்லை என்பதால், நிலைமை ஓரளவு நன்றாக இருந்தவர்களே அந்தப் பிரிவுக்குப் போயிருக்கலாம். ஆனாலும் காரணம் புரிகிறது. வயிற்றுத் தசையின் இறுக்கமே வெடிப்பை அழுத்திப் பிடித்திருக்கும். முழு மயக்கம் கொடுத்ததும் அந்தப் பிடி தளரும், இரத்த அழுத்தம் தரைமட்டமாகும். இடுக்கில் மரப்பு ஊசி சாத்தியமா என்று அந்த அவசரத்திலும் ஒரு முறை கேட்பது தகும்.

கழுத்துத் தமனி: பெரியவரின் சுபாவம்

மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை எடுக்கும் ஆப்பரேஷனை முழு மயக்கத்திலும் செய்யலாம், கழுத்தை மட்டும் மரக்கவைத்து விழித்திருக்கும்போதும் செய்யலாம். 2008-இல் வெளிவந்த காலா ஆய்வில் 24 நாடுகளின் 3,526 பேர் சேர்ந்தார்கள். 30 நாளில் பக்கவாதம், மாரடைப்பு, சாவு மூன்றையும் கூட்டினால் முழு மயக்கத்தில் 4.8 விழுக்காடு, விழித்திருந்தவர்களில் 4.5. இதிலும் வென்றவர் என்று ஒருவரைச் சொல்ல முடியாது.

முடிவு ஒன்றானாலும் வழி ஒன்றல்ல. தமனியைக் கவ்வியால் பிடித்ததும் அந்தப் பக்க மூளைக்கு இரத்தம் போதுமா என்று தெரிய வேண்டும். போதாவிட்டால் தற்காலிகக் குழாய் வைத்து இரத்தத்தை ஓடவிட வேண்டும். அந்தக் குழாயை வைப்பதிலேயே சிறு கட்டி பிய்ந்து மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. விழித்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தாலே விடை கிடைத்துவிடும். எதிர்ப்பக்கக் கையில் அழுத்தினால் சத்தம் போடும் ரப்பர் பொம்மையைக் கொடுப்பார்கள். கவ்வி விழுந்ததும் “அழுத்துங்க” என்பார்கள். சத்தம் நின்றால், பேச்சு குழறினால், உடனே குழாய். காலா ஆய்வில் முழு மயக்கத்தில் 43 விழுக்காட்டினருக்குக் குழாய் வைத்தார்கள், விழித்திருந்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கே தேவைப்பட்டது.

ஒன்றரை இரண்டு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க முடிகிறவரா? இருமல் இருக்கிறதா? முகத்தருகே துணி மூடினால் மூச்சு முட்டுகிறதா? காது கேட்குமா? பதற்றக்காரராக இருந்தால் முழு மயக்கமே நல்லது. நடுவில் துள்ளி எழுந்தால் துணிக்கு அடியில் தொண்டைக் குழாய் வைப்பது மிகக் கடினம். நெஞ்சு பலவீனமானவர், நிதானமானவர், பேசிக்கொண்டே படுத்திருக்கக்கூடியவர் என்றால் விழித்திருக்கும் முறையைத் தாராளமாகக் கேட்கலாம்.

தமிழ் மட்டும் பேசுகிற அப்பாவுக்கு இங்கே தனி ஏற்பாடு வேண்டும். இந்த முறையில் மூளையைக் கண்காணிக்கும் கருவியே பேச்சுதான். மயக்க மருந்து டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்க, அப்பா பதில் சொல்லத் தடுமாறினால், அது மொழித் தடுமாற்றமா, மூளைக்கு இரத்தம் குறைந்ததா என்று எப்படிப் பிரிப்பது? தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ டாக்டரோ அன்று அறையில் இருப்பார்களா என்று முன்கூட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் ஓர் அட்டையில் ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ரூமி (ஆங்கில) எழுத்தில் எழுதி, அருகில் மலாய்ப் பொருளையும் எழுதிக் கொடுங்கள். ‘அழுத்துங்க’வுக்கு கெங்காம், ‘வலிக்குது’க்கு சாக்கிட், ‘மரத்துப்போச்சு’க்கு கெபாஸ், ‘தலை சுத்துது’க்கு பெனிங். ஒன்றிலிருந்து பத்து வரை தமிழில் எண்ணுவதையும் எழுதுங்கள். முந்தின நாள் வார்டிலேயே ஒரு முறை அப்பாவை எண்ணச் சொல்லி, அவருடைய இயல்பான வேகம் எது என்று டாக்டருக்குக் காட்டிவிடுங்கள். மறுநாள் கவ்வி விழுந்த பிறகு “நாலு... அஞ்சு...” என்று இழுக்கும்போது, நேற்று அவர் எண்ணிய வேகத்தோடு ஒப்பிட அவர்களிடம் ஓர் அளவு இருக்கும்.